ஓர் ஆமென் குறைகிறது

டேனிஷ் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவில் மே மாத மாலை. எட்டு மணியாகியும் வெயில் சோபாவை விட்டு இறங்க மறுக்கிறது. வன்னியில் சண்டை முடிந்துவிட்டதாக நேற்றிலிருந்து தொலைக்காட்சி சொல்கிறது. அங்கிருந்த தங்கை குடும்பம் என்ன ஆனதென்று எமில்டாவுக்குத் தெரியாது. மடியில் கிடக்கும் கைத்தொலைபேசியில் அதே இலக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கிறாள். எதிரே, அமெரிக்காவிலிருந்து மத ஊழியத்துக்கு வந்திருக்கும் மோர்மன் தம்பதி, கறுப்புப் பெயர்ப்பட்டி குத்திய முதியவர்கள், ஆறுதல் சொல்ல வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தங்கள் மத விதிப்படி தேநீர் குடிக்கமாட்டார்கள் என்பதை இன்று மறந்து, பால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டாள். மனைவி மறுக்காமல் வாங்கி, குடிக்காமல், இரு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்திருக்கிறார். தேத்தண்ணியின் மேலே பாலாடை படர்கிறது. கணவர் கைகளை மார்பில் கட்டிக் கண்மூடிச் செபிக்கிறார். மகள் தர்ஷனா அடிக்குரலில் தமிழாக்குகிறாள். இந்த வீட்டுக்கு நன்றி, இவர்களின் அன்புக்கு நன்றி. பிறகு அவள் குரல் நின்றுவிடுகிறது. “என்னவாம்?” என்கிறாள் எமில்டா. “சண்டை முடிஞ்சதுக்கு நன்றியாம், அம்மா.” “ஆருக்கு முடிஞ்சதெண்டு கேள்.” மகள் தலையைக் குனிந்துகொள்கிறாள். “ஆமென்” என்கிறார் கணவர். மனைவியும் சொல்கிறார். பழக்கத்தில் தர்ஷனாவும் சொல்லிவிடுகிறாள். மன்னாரில் குழந்தையாகப் பேசத் தொடங்கிய நாள் முதல் எந்தச் செபத்துக்கும் ஆமென் சொல்லத் தவறாத எமில்டா, உதட்டை இறுக்கிக்கொண்டு மறுபடியும் இலக்கத்தை அழுத்துகிறாள். முதியவர்கள் இருவரும் கண் திறக்காமல் அவளுக்காகக் காத்திருக்கிறார்கள். அவள் மடியிலிருந்து, பதிவு செய்த பெண்குரல் ஒன்று மரியாதையாகச் சொல்கிறது, தற்போது தொடர்புகொள்ள முடியாதென்று.