பைக்குள் ஒரு ஸ்பிளிட் பின்

முன்னிருக்கையில் அண்ணன் கில்பர்ட் பாடிக்கொண்டே ஓட்டினான். அப்பாவைவிட வயதான அந்தக் குட்டி விமானத்தை அவனும் அமலியும் சேர்ந்து செப்பனிட்டு, இன்றுதான் முதன்முதலாக மேலே ஏற்றியிருந்தார்கள். பின்னிருக்கையில், குளிருக்காகச் சட்டைப்பையில் கையை நுழைத்த அமலியின் கையுறையில் கம்பி ஒன்று தட்டுப்பட்டது. நட்டு கழன்றுவிடாமல் பூட்டுகிற ஸ்பிளிட் பின். பழையதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, புதியதை மாட்டி அதன் இரண்டு கால்களையும் மடக்குவது அவள் வழக்கம். நேற்று வால்பக்க நட்டை முறுக்கும்போதுதான் கில்பர்ட் சாப்பிடக் கூப்பிட்டான். அந்த நட்டு கழன்றால் விமானம் சொன்ன பேச்சு கேட்காது. இது பழையதாகத்தான் இருக்கும். பழையது என்றால் கால்கள் கோணியிருக்கும். மாதாவே, கோணியிருக்கட்டும்.

கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டுத் தடவினாள். இரண்டு கால்களும் நேராக, வழவழவென்று இருந்தன.

"என்னட்டி, சத்தத்தையே காணோம்? பயந்துட்டியா?" என்று கத்தினான் கில்பர்ட்.

அமலி திரும்பி வாலைப் பார்த்தாள்.

"இந்தா, இனி நீ ஓட்டு. பயம் தெளிஞ்சிரும்!"

அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். அவள் முழங்கால்களுக்கு நடுவே இருந்த, விமானத்தைத் திருப்பும் தண்டு, பிடிக்க ஆளில்லாமல், மெல்ல ஆடத் தொடங்கியது.