மாடிக்கு ஏறாதவள்

"லேபர் ஆபீசர் வர்றாரு. எல்லாரும் மொட்டைமாடிக்கு ஏறுங்க, சீக்கிரம்" என்று சூப்பர்வைசர் பிரேம்குமார் கத்தினான்.

உழவர்கரையில் இருக்கும் அந்த சோப்பு கம்பெனியில் இது வழக்கம்தான். பேக்கிங் ஷெட்டில் வேலை செய்யும் பெண்களில் ஒருத்தி பேரும் கம்பெனிக் கணக்கில் கிடையாது. ஆபீசர் வந்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிய வேண்டும், அவர் போன பிறகு இறங்க வேண்டும். அவர் கறுப்பா சிவப்பா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

"நா ஏறல சார்" என்றாள் கன்னியம்மாள்.

போன தடவை மாடி வெயிலில் செல்வாம்பாள் மயங்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. பத்து வருஷமாக சோப்பு அடுக்குகிறாள். பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. ஒளிவதற்கு அவள் என்ன திருடியா?

"வேல போயிடும்."

"போனா போவட்டும். நாங்க மனுஷங்களா இல்லியான்னு அவருகிட்டயே கேக்குறேன்."

பிரேம்குமார் வழக்கம்போல் குதிக்கவில்லை. "உன் இஷ்டம்" என்று நகர்ந்துவிட்டான்.

ஆபீசர் சின்ன வயசுக்காரராக இருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். கன்னியம்மாள் நேராகப் போய் நின்று மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"உங்கள மாதிரி வேற யாராச்சும் பேசுவாங்களா?"

அவள் மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தாள். செல்வாம்பாளும் இன்னும் நாலு பேரும் இறங்கி வந்தார்கள்.

"கேட் பாஸைக் குடுங்க. இங்க வேல செய்றீங்கன்றதுக்கு அதான் சாட்சி" என்று எல்லோரிடமும் வாங்கிக்கொண்டார் ஆபீசர்.

"இனிமே நாமளும் பர்மனெண்ட்தான்க்கா" என்று செல்வாம்பாள் அழுதேவிட்டாள்.

மறுநாள் காலை வாட்ச்மேன் ராஜாங்கம் கேட்டை மறித்தார். "பாஸ் இல்லாதவங்கள உள்ள விடக் கூடாதாம்."

"அத லேபர் ஆபீசர் வாங்கினு போயிருக்காருண்ணே. அந்த பிரேம்குமார கூப்புடுங்க, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்த கேக்குறேன்."

"தோ, ஆபீசரே வர்றாருக்கா" என்றாள் செல்வாம்பாள்.

அவர் சைக்கிளிலிருந்து இறங்கினார். உடம்பில் கம்பெனியின் நீலச் சட்டை, கழுத்தில் புது கேட் பாஸ்.

"மன்னிச்சிருக்கா" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே. "டிகிரி முடிச்சி மூணு வருஷமா வேல இல்ல. ஒரு நாள் ஆபீசரா நடிச்சா உங்க எடத்தத் தர்றேன்னாங்க."