யோபு வீட்டில் இருபது பேர்

"டீச்சர், அந்தப் பழைய பத்துப் புள்ளைங்க என்னானாங்க?"

மூன்றாவது ஞாயிறாகக் கேஷிகா அதையே கேட்டாள். நிஷாந்தி பாடப் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். ஆறு நாள் கொழுந்து பறித்த கால்கள் கடுத்தன.

அடுத்த வாரம் ஞாயிறு பாடசாலைப் பரீட்சை. மற்ற எட்டுப் பிள்ளைகளும் பைபிளில் வரும் யோபுவின் கதையை ஒப்புவித்துவிட்டார்கள். ஆறு வயதுக் கேஷிகா மட்டும், பெருங்காற்றில் வீடு விழுந்து யோபுவின் பத்துப் பிள்ளைகளும் செத்துப்போன இடம்வரை சொல்வாள். கர்த்தர் இழந்த ஆடு, ஒட்டகங்களை இரட்டிப்பாகவும் வேறு பத்துப் பிள்ளைகளையும் கொடுத்தார், யோபு சந்தோஷமாக வாழ்ந்தான் என்ற முடிவைச் சொல்ல வாய் திறக்க மாட்டாள்.

போதகரிடம் கேட்டதற்கு, சின்னப் பிள்ளைகளுக்குச் சாவைப் பற்றி எதற்கு, கொடுத்ததை மட்டும் சொல்லுங்கள் என்றார். நிஷாந்தியும் அந்தக் காற்றை வேகமாகத் தாண்டிவிடத்தான் பார்த்தாள். கேஷிகா விடவில்லை.

கணக்கில் கெட்டிக்காரனான நிரோஷனும் சேர்ந்துகொண்டான். "ஆடு ரெண்டு மடங்கு, ஒட்டகம் ரெண்டு மடங்கு. புள்ளைங்க மட்டும் ஏன் டீச்சர் அதே பத்து?"

நிஷாந்தி புத்தகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"ஆடு செத்தா அதோட போச்சு. புள்ளைங்க போகல. ஆண்டவர்கிட்ட இருக்காங்க. உயிர்த்தெழுற நாள்ல திரும்பி வருவாங்க. அப்ப மொத்தம் இருபது."

இத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். கேஷிகாவின் முகம் இன்னும் வாடிப்போனது.

"அவங்க வந்துட்டா, புதுப் புள்ளைங்க எங்க படுப்பாங்க?"

வகுப்பு சிரித்தது. ஒற்றை அறைக் காம்பராவில் இருபது பேர் எப்படிப் படுப்பது என்று தோட்டத்து லய வீடுகளில் வளரும் பிள்ளைகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். யோபுவுக்கும் ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு தருவதாகத் தேர்தலுக்குத் தேர்தல் சொல்லியிருப்பார்கள் என்றான் நிரோஷன். அது அவன் அப்பாவின் பேச்சு. நிஷாந்தியும் சிரிக்கப் பார்த்தாள். எல்லாருக்கும் இடம் இருக்கும் என்று மட்டும் சொல்லி, ஜெபம் பண்ணி அனுப்பிவைத்தாள்.

கேஷிகா மட்டும் போகவில்லை. நிஷாந்தி கோவில் கதவைப் பூட்டும்வரை நின்றாள். தேயிலை மலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் இருவரும் நடந்தார்கள்.

"இப்ப அம்மான்னு கூப்பிடலாமா?"

"ம்."

"சுமன் அண்ணன் திரும்பி வந்தா, நான் சாக்குல படுத்துக்கிறேம்மா."

பள்ளிக்கூடம் போன சுமனை மண்சரிவு கொண்டுபோன மறு வருஷம் பிறந்தவள் கேஷிகா. இன்றுவரை அவள் படுப்பது அம்மாவின் பாயில்தான். அன்று காலையில் சுமன் சுருட்டிச் சாத்திவிட்டுப் போன பாய், கட்டிய கயிறுகூட அவிழாமல், அதே மூலையில் நிற்கிறது.