அந்நிய மொழி ஒன்று

தான் கொடுத்த விண்ணப்பத்தைத் தியாகராஜா மாஸ்டர் தபாலில் போடவேயில்லை என்று சுவக்கினுக்கு முக்கால்வாசி நிச்சயமாகிவிட்டது.

இது முப்பத்தொன்றாம் ஆண்டுக் கதை. கண்டியில் போட்ட கடிதம் சீமைக்குக் கப்பலில் போய்ச் சேர மூன்று வாரம், பதில் வர மூன்று வாரம். அந்தக் காலத்து மனிதர்களுக்குக் காத்திருப்பது பழகிப்போன வேலை. ஆனால் இப்போது பன்னிரண்டு வாரம் ஆகிவிட்டது.

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தார்கள். தியாகராஜா யாழ்ப்பாணத்துக்காரர், நான்கு வயது மூத்தவர். மாணவர்கள் ஓர் அளவை ஒரே தடவை எடுத்து எழுதிவந்தால் கொப்பியைத் திருப்பி எறிவார். சுவக்கின் புசல்லாவையில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் எஞ்சின் பார்ப்பவரின் மகன். குடும்பத்தில் முதல் பட்டதாரி.

பின்னேரங்களில் இருவரும் வாவிக்கரை மதிலோரமாக நடப்பார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டத்தில் வந்து முடியும். கடைசி பஸ் போகும்வரை பேசுவார்கள்.

அந்த வருஷம் சீமைப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஒரே ஓர் இடம். பரீட்சையில் நல்ல சித்தியுடன் முதற்பட்டம் வேண்டும். ஆய்வுகூடத்தில் இரண்டு வருஷம் இருக்க வேண்டும். அதுவரை யாரும் சொல்லாத ஒன்றைக் கண்டு ஆய்வேடு எழுத வேண்டும். இதெல்லாம் சுவக்கினைப் பயமுறுத்தவில்லை. கடைசி நிபந்தனைதான் இடித்தது: அந்நிய மொழி ஒன்றை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எந்த மொழி?

தியாகராஜாவுக்குக் கவலையில்லை. அம்பிட்டியவில் ஒரு பாதிரியாரிடம் இரண்டு வருஷம் ஜேர்மன் படித்திருந்தார். சுவக்கினுக்கு ஜேர்மனும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, ‘ஆங்கிலம்’ என்று எழுதினான்.

அதைப் பார்த்துத் தியாகராஜா சிரித்த சிரிப்பில் கட்டுகஸ்தோட்டை பஸ் போய்விட்டது.

“அவங்கட பாஷையையே அவங்களுக்கு அந்நிய பாஷை எண்டு எழுதுறீரே ஐசே? விசரன் எண்டு கிழிச்சுப் போடுவாங்கள்.”

“பொய் எழுதலையே மாஸ்டர். பதினோரு வயசுலதான் நான் ஏ, பி, சி படிச்சேன். எனக்கு அது அந்நிய மொழிதானே?”

தியாகராஜாவின் சிரிப்பு நின்றது. விண்ணப்பத்தை மறுபடி ஒரு தடவை வாசித்தார்.

“தாரும். என்ரையோட சேர்த்துப் போட்டுவிடுறன்.”

கொடுத்துவிட்டான். அப்பா அதற்குள் மகன் கப்பலேறப் போவதாகத் தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். இந்த இடம் போனால் அடுத்தது மூன்று வருஷம் கழித்துத்தான்.

சந்தேகத்துக்கு முதல் விதை போட்டது தபால் கந்தோருக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஹைதீன் நானா. அவர் வம்புக்குச் சொல்லவில்லை. சுவக்கின் கேட்டான், நினைவுபடுத்திச் சொன்னார்.

“அன்டைக்கி மாஸ்டர்ட கையில ஒரு கவர் மட்டுந்தானே இருந்திச்சி.”

ஒரு கவர். ஒரே ஓர் இடம். கணக்கு நேராக வந்தது.

வாவிக்கரை நடை நின்றது. ஆசிரியர் அறையில் சுவக்கினின் கதிரை ஜன்னல் பக்கம் தள்ளிப் போனது. என்ன ஐசே, சுகமில்லையோ என்று தியாகராஜா கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினான். பிறகு பள்ளிக்கூட அதிபருக்கு ஒரு முறைப்பாடு எழுதினான். மிகைப்படுத்திவிடக் கூடாதே என்று மூன்று தடவை கிழித்து, நாலாவது தடவை திருத்தமாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

கொடுக்கப் போகும் வழியில்தான் பியோன் சீமைக் கடிதத்தை நீட்டினான்.

சுவக்கினின் விண்ணப்பமும் திரு. தியாகராஜாவின் விண்ணப்பமும் ஒரே உறையில் கிடைத்ததாக எழுதியிருந்தார்கள். இருவருமே அந்நிய மொழி ‘ஆங்கிலம்’ என்று குறித்திருந்தபடியால் சபையில் நீண்ட விவாதம் நடந்ததாம். தாமதத்துக்கு அதுவே காரணமாம். முடிவில் அந்தப் பதில் ஏற்கப்பட்டது. ஆய்வுத் திட்டங்களை ஒப்பிட்டு இடத்தைச் சுவக்கினுக்கே கொடுத்திருந்தார்கள்.

‘இருவருமே’ என்ற சொல்லை அவன் மூன்று தடவை வாசித்தான்.

ஆய்வுகூடத்தில் தியாகராஜா கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கி வாசித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“உங்களுக்குத்தான் ஜேர்மன் தெரியுமே மாஸ்டர்,” என்றான் சுவக்கின்.

“ஒருத்தனுக்கு மட்டும் ஒரு அளவு வித்தியாசமா வந்தால் பிழை எண்டு வெட்டிப்போடுவம். ரெண்டாவது ஆளுக்கும் அதே அளவு வந்தால்? ஒருக்கா யோசிக்கத்தானே வேணும்.”

அடுத்த கொப்பியை எடுத்தவர், சுவக்கினின் சட்டைப்பையைப் பார்த்தார்.

“அதென்ன, இன்னொரு கடிதம்?”

விண்ணப்பத்தில் பொய் எழுதவில்லை என்றவன், பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

“டோபிக் கணக்குத் துண்டு, மாஸ்டர்.”