சும்மா கிடைத்த இடம்

"வந்துட்டாங்க, நம்ம மானத்த வாங்க!"

பதுளை ரோட்டில் லொறி வளைவதைப் பார்த்ததுமே கருப்பம்மா சத்தம் போட்டாள்.

வெள்ளைக்கல் தேயிலைத் தோட்டத்து உதைபந்தாட்ட டீமுக்கு அவள் புருசன் அழகையாதான் கேப்டன். குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினான்.

போன ஞாயிறு ஏழு கோல் வாங்கினார்கள். அதற்கு முந்தின ஞாயிறு ஒன்பது. திருப்பிப் போட்டது ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் அது சந்தோசமாக ஆரம்பித்த வருசம். ஸ்பெயினில் உலகக் கிண்ணத்துக்கே பதினாறு டீமை இருபத்துநாலு ஆக்கிவிட்டார்கள் என்று ரேடியோவில் கேட்டதும், ஊவா மாகாணத்தில் கிண்ணப் போட்டி நடத்துகிற குழுவுக்கும் ஆசை வந்துவிட்டது. எட்டு டீம் பதினாறு ஆனது. அத்தனைக்கும் பெரிய கிரவுண்டு வேண்டுமே?

"நாங்க வெட்டித் தாறோம்" என்றது வெள்ளைக்கல் தோட்டம்.

கல்லும் கட்டையுமாகக் கிடந்த சரிவை மூன்று மாதம் வெட்டிச் சமமாக்கினார்கள். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்கள் கூடை கூடையாக மண் சுமந்தார்கள். கருப்பம்மாவுக்குத் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

போட்டி நடக்கிற இடம் என்பதால் வெள்ளைக்கல்லுக்குத் தகுதிப் போட்டி கிடையாது. நேரே உள்ளே. மிச்சம் பதினைந்து இடத்துக்கு மற்றவர்கள் மோதினார்கள். ஒரே ஒரு கோலில் இடம் தவறி வெளியே போனது பதுளை பஜார் டீம்.

தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கக் கொண்டாட்டமாக இருந்தது. அழகையா மட்டும் அதில் சேரவில்லை. மற்ற டீமெல்லாம் ஆறேழு மெச் ஆடித் தேறிவிட்டன. இவன் டீம் பையன்கள் மண்வெட்டி பிடித்ததோடு சரி. பழகுவதற்கு ஒரு மெச் ஆட வாங்க என்று எத்தனையோ பேரைக் கூப்பிட்டுப் பார்த்தான். யாருக்கும் நேரமில்லை.

கூப்பிடாமலே வந்தது பஜார் டீம்தான். அதன் தலைவர் ஜுனைதீன். பஜாரில் ஆணி, தகரம் விற்கிற கடைக்காரர். நாற்பதைத் தாண்டியும் விடாமல் ஆடுகிறவர். 'நாநா' என்று அண்ணன் முறை வைத்துத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

வந்தவர் சும்மா ஆடிவிட்டுப் போனாரா?

"என்ன அழகையா, சும்மா கெடச்ச இடத்துல நிக்கிறவங்க இப்பிடித்தான் ஓடுவீங்களா?" என்று லயத்துச் சனம் அத்தனையும் பார்க்கக் கத்தினார்.

இந்த மூன்றாம் ஞாயிறும் நாலு கோல். ஒரே மாதிரி ஆட்டம். இடது ஓரமாக நீளமாக ஒரு உதை, பின்னாலேயே இரண்டு பேர் ஓட்டம்.

"அவங்க இடத்த நாம எடுத்துக்கிட்டோமாம். அந்த ஆத்திரத்த இங்க வந்து தீத்துக்கிறாரு" என்றாள் கருப்பம்மா. "யாரும் அவங்களுக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்காதீங்க."

யாரும் கொடுக்கவில்லை. வியர்வையோடு லொறி ஏறிப் போனார்கள்.

அழகையாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தியில் வேலை விட்டதும் பையன்களை மலைப் பாதையில் ஏறி ஏறி ஓடவிட்டான். இடது ஓரத்தை அடைக்க இரண்டு பேரைப் பழக்கினான்.

நாலாம் ஞாயிறு மூன்று கோல் வாங்கினார்கள். ஐந்தாம் ஞாயிறு இரண்டு வாங்கி, ஒன்று போட்டார்கள். போட்டவன் அழகையா.

"ம், இது போதும்" என்றார் ஜுனைதீன். லொறியில் ஏறிவிட்டார்.

போட்டி நாள் வந்தது. முதல் மெச்சே பண்டாரவளை டீமோடு. ஊதல் ஊதிப் பத்து நிமிசம்கூட ஆகியிருக்காது. இடது ஓரமாக நீளமாக ஒரு உதை வந்தது, பின்னாலேயே இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அழகையாவின் பையன்கள் அவர்களுக்கு முன்பே அங்கே நின்றார்கள்.

பஜார் டீம் ஆடிக் காட்டின அதே ஆட்டம்!

இரண்டுக்கு ஒன்று. வெள்ளைக்கல் ஜெயித்தது! கோல் கீப்பர் தரையில் உட்கார்ந்து அழுதான்.

வேலியோரம் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார் ஜுனைதீன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. அழகையா அவரிடம் ஓடினான்.

"நாநா, இவங்க எப்பிடி ஆடுவாங்கன்னு தெரிஞ்சுதான் எங்ககிட்ட அப்பிடி ஆடிக் காட்டினீங்களா?"

"இவங்களோட ரெண்டு தரம் மோதித் தோத்தவன் நான். எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். "உங்களுக்கு ஏசினதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. ஏசாட்டி நீங்க ஓடமாட்டீங்களே."

கருப்பம்மா இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினாள். தலை நிமிரவில்லை.

"குடிங்க நாநா. முதல் நாளே குடுத்திருக்கணும்."

"சீனி போட்டீங்களா?"

"மூணு கரண்டி."

அவர் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, அடுத்த மெச் பார்க்க மறுபக்கம் நடந்தார். அதுவரை பக்கத்தில் நின்ற போட்டிக் குழுச் செயலாளர் நஸீர், அழகையாவின் தோளைத் தொட்டார்.

"சொல்ல வேணாம் எண்டு கேட்டுக்கிட்டவர் அவர். ஆனா நீங்க தெரிஞ்சிருக்கணும். ஒரு மெச்சும் ஆடாத டீம் முதல் நாளே பத்துக் கோல் வாங்கினா போட்டிக்கே அவமானம் எண்டு குழுவுல பேச்சு வந்திச்சு. உங்கள எடுத்துட்டு, பஜார் டீமைச் சேர்க்கிறதா முடிவே பண்ணிட்டோம். ஜுனைதீனைக் கூப்பிட்டுச் சொன்னோம்."

கருப்பம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"'மண் சுமந்த சனம் வெளிய நிக்க, நாங்க உள்ள போய் ஆடுறதா? எனக்கு அஞ்சு ஞாயிறு தாங்க, அந்த டீமை நான் தேத்தித் தாறேன்' எண்டுட்டாரு."