ஏழாவது பாட்டில்

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அன்றைக்கு இருந்தவர்கள்: கிணற்றுத் தண்ணீரை ஆராய மெட்ராஸிலிருந்து வந்த டாக்டரம்மா, பஞ்சாயத்து மெம்பர் வேதகிரி, அவர் மனைவி கோவிந்தம்மாள், ஊர்த் தெருப் பெண்கள் நான்கு பேர், காலனியிலிருந்து செங்கேணி. ஆக எட்டுப் பேர்.

முந்தின நாளே டாக்டரம்மா வீட்டுக்கொரு பாட்டில் கொடுத்து, “நீங்க குடிக்கிற தண்ணியைப் பிடிச்சுட்டு வாங்க” என்று சொல்லியிருந்தார். ஊர்ப் பாட்டில் ஐந்து, காலனிப் பாட்டில் ஒன்று வந்திருந்தன. டாக்டரம்மாவின் பெட்டியில் இன்னும் ஒரு காலி பாட்டில் இருந்தது.

“செங்கேணி, உன் பாட்டில தள்ளி வை. எங்க தண்ணியோட இன்னா ஒட்டிக்கினு?” என்றார் வேதகிரி.

செங்கேணி ஒரு முழம் தள்ளி வைத்தாள்.

“காலனிக் கெணறு வெறும் உப்பும்மா. மூடச் சொல்லி எழுதுங்க. எங்க தண்ணி கல்கண்டு. பொண்ணு குடுக்கப் போட்டி போட்டுக்கினு வராங்க.”

“மூடிட்டா நாங்க ஏரிக்குத்தான் போவணும்” என்றாள் செங்கேணி. “கோடையில ஏரியில இன்னா கீது? சேறுதான் கீது.”

“மருந்து சொல்லட்டும். உப்பு ஜாஸ்தியா இருந்தா தண்ணி சிவக்க நிறைய சொட்டு பிடிக்கும்” என்றார் டாக்டரம்மா.

கோவிந்தம்மாளின் தண்ணீர் எட்டாவது சொட்டில் சிவந்தது.

“நல்ல தண்ணி.”

வேதகிரி மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்த நான்கும் எட்டு. செங்கேணியுடையதும் எட்டு.

“மருந்து கெட்டுப்போச்சும்மா” என்றார் வேதகிரி.

டாக்டரம்மா காலி பாட்டிலைக் கோவிந்தம்மாளிடம் கொடுத்தார். “எதுக்கும் இன்னொரு தடவை பிடிச்சுட்டு வாங்க.”

வாங்கிய கையோடு, யோசிக்காமல், கோவிந்தம்மாள் அதைச் செங்கேணியிடம் நீட்டினாள். “நேத்து மாதிரியே கழுவி ரொப்பிக்கினு வா.”

“நேத்து அஞ்சும் எங்க கெணத்துல ரொப்பினேனே, அதே கெணத்துலதானேம்மா?”

பெண்கள் நான்கு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“இன்னாடி இது?” என்றார் வேதகிரி.

“இன்னான்னா இன்னா? நம்ம கெணத்துத் தண்ணில பருப்பே வேகாது. கல்யாணம் ஆன நாளா நீ குடிக்கிற காப்பி செங்கேணி கொல்லைப்பக்கமா கொண்டாந்து ஊத்துற தண்ணிதான். மூடித்தான் பாரேன். நாளைக்கே உப்புக் காப்பி.”

காலனிக் கிணற்றை மூட வேண்டாம் என்று எழுதி முடித்ததும் முதலில் சிரித்தது டாக்டரம்மாதான். கடைசியில் வேதகிரி.

எட்டுப் பேரில் சிரிக்காமல் மீதி இருந்தது சைபர்.