அந்தப் பக்கத்துப் போன்

"நான் எழுதுறது எல்லாம் என் போன்ல இருக்கு மா. அந்தப் பக்கம் மட்டும் போய்ச் சேர மாட்டேங்குது."

அர்ச்சுனனுக்கு மூச்சு வாங்கியது. காரை நிறுத்த இடம் தேடித் தெருவை இரண்டு முறை சுற்றி வந்தவர். மலேசியாவின் குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் போன் பழுதுபார்க்கும் கடை பிரவீனாவுடையது.

"ஒரு நிமிஷம் அங்கிள். ஆன்ட்டி உங்களுக்கு முன்னாடியே வந்தாங்க" என்று பெஞ்சைக் காட்டினாள் பிரவீனா. அங்கே காலடியில் ஒரு துணிப்பையுடன் உட்கார்ந்து, போன் கவர்களைப் புரட்டிக்கொண்டிருந்தார் ஓர் அம்மாள்.

"அவருக்கு முடியட்டும் மா. எனக்கு அவசரம் இல்ல" என்றார் அவர், நிமிராமலே.

வரிசையை விட்டுக்கொடுக்கிற வாடிக்கையாளரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! பிரவீனா சந்தோஷமாக அர்ச்சுனனின் போனை வாங்கினாள். குறிப்பு எழுதும் செயலி அது. 'பாசார் சாமான்' என்ற தலைப்பில், சந்தையில் வாங்க வேண்டியதற்கு ஒரே ஒரு குறிப்பு. இருவர் சேர்ந்து எழுதுகிற மாதிரி அமைத்திருந்தார்கள்.

"இன்னொருத்தர் யாரு அங்கிள்?"

"கடைப் பார்ட்னர். ரெங்கம்ல வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வச்சிருக்கோம். அவங்க சமையல், நான் கல்லா."

பிரவீனா வேலையில் இறங்கினாள். போனை அணைத்துப் போட்டாள். செயலியைப் புதுப்பித்தாள். இடம் நிறைந்துவிட்டதா என்று பார்த்தாள். பாதிக்கு மேல் காலி. கணக்கும் சரியாகவே இருந்தது. கடைசியாக, எந்த வரி போகாமல் நிற்கிறது என்று வாய்விட்டுப் படித்தாள்.

"வெங்காயம் பத்து கிலோ. மிளகாய்த் தூள். தயிர். அன்னைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, தப்பு என்னோடதுதான்."

பிரவீனா நிமிர்ந்து பார்த்தாள். "அங்கிள், கடைசிச் சாமான் பாசார்ல கிடைக்காதே!"

அர்ச்சுனன் நெளிந்தார். "மீன் கறியில உப்பு ஜாஸ்தின்னு கஸ்டமருங்க முன்னால கத்திட்டேன் மா. ரெண்டு மாசமா எங்களுக்குள்ள பேச்சே இல்ல. என்ன வேணும், என்ன தீர்ந்துச்சு, எல்லாம் இந்த நோட்ஸ்லதான்."

"அலாமாக்! பேசாமலேயா கடை நடத்துறீங்க?"

"வியாபாரம் நல்லாத்தான் ஓடுச்சு" என்றார் அவர் பாவமாக. "போன வாரம் மனசு கேக்காம இதை எழுதினேன். பதிலே இல்ல. இன்னைக்கு சாயங்கால ரயில்ல அவங்க சிகாமட் கிளம்புறாங்க. அங்க அவங்க அண்ணனும் கடை வச்சிருக்காரு. அப்படியே அங்க தங்கிட்டா..." அவர் தன் போனைச் சுட்டிக்காட்டினார். "ரயில் ஏறுறதுக்குள்ள இது அவங்க கண்ணுல பட்டுடணும் மா."

"நேரா சொல்லிடலாம்லா?"

"வாயே வர மாட்டேங்குது."

"நெல்லைக் கொட்டினா அள்ளலாம். சொல்லைக் கொட்டினா அள்ள முடியுமா?" என்றது பெஞ்சுப் பக்கத்துக் குரல்.

கேட்காமலே கருத்துச் சொல்லும் வாடிக்கையாளர்கள் பிரவீனாவுக்குப் புதிதல்ல. அர்ச்சுனன் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது. எப்படியாவது சரிசெய்து கொடுத்துவிட வேண்டும் என்று பிரவீனா மறுபடியும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், உங்க போன்ல ஒரு கோளாறும் இல்ல. நீங்க எழுதினது எல்லாம் மேல ஏறிடுச்சு. பார்ட்னர் போன்லதான் சிங்க்கை ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க போல. அதனால அங்க இறங்கல."

"நீங்க இங்கேருந்தே ஆன் பண்ண முடியாதா?"

"முடியாது அங்கிள். அந்தப் போன் கையில இருந்தா ஒரு தட்டு, அவ்வளவுதான். பார்ட்னர் எங்க இருக்காங்க? கொண்டு வரச் சொல்லுங்களேன்."

அர்ச்சுனன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "பரவால்ல மா, ரயிலுக்கு நேரமாச்சு" என்று தன் போனை எடுக்கக் கை நீட்டினார்.

அந்தக் கைக்குப் பக்கத்தில் இன்னொரு போன் வந்து உட்கார்ந்தது.

"இந்தா மா, அந்தப் பக்கத்துப் போன்" என்றார் பெஞ்சிலிருந்து எழுந்து வந்த அம்மாள். "எப்பப் பாத்தாலும் வெங்காயம், உப்புதானேன்னு நான்தான் போன வாரம் நிறுத்தி வச்சேன்."

பிரவீனா அதில் ஒரு தட்டு தட்டினாள். போன் 'டிங்' என்றது. காதால் கேட்டதைக் கண்ணாலும் ஒருமுறை படித்துக்கொண்டு, அந்த அம்மாள் ஏதோ எழுதினார். இப்போது அர்ச்சுனனின் போன் 'டிங்' என்றது. வெங்காயத்துக்கும் தயிருக்கும் கீழே ஒரு புது வரி: 'டிக்கெட் வேணாம். வீட்டுக்கே போலாம்.'

அர்ச்சுனன் அந்த வரியைப் படித்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தது.

"புஷ்பா... காரு அந்தத் தெருக்கோடியிலதான் நிக்குது."

"எந்தக் காருன்னு எனக்குத் தெரியாதா? அதுலதானே நானும் வந்து இந்த வாசல்ல இறங்கினேன்!" என்றார் புஷ்பவள்ளி, துணிப்பையைத் தனக்குத் தாலி கட்டிய பார்ட்னரின் கையில் கொடுத்தபடி.